பல்கீஸ் அம்மையார் கலந்த நான்கு பிரிவுகள்

பெரிய காஞ்சிபுரத்து எங்கள் மேல்நிலைப் பள்ளியின் கணிதத்துக்கு ஆசானாய், ஆளில்லாத ஆண்டுகளில் அறிவியலுக்கும் அரணாய், சுண்ணக்கட்டி தீர்ந்தாலும் சொல் தீராது நின்ற பல்கீஸ் அம்மையாரே! பணிநிறைவு பெறும் பெருமாட்டியே! வணக்கம், வாழ்த்து, வாய்கொள்ளாப் பெருமிதம்!

ஒருபடித்தன்மை என்ற ஒன்றை ஓயாது உரைத்தீர்கள். உப்புக் கரைசலில் எந்தச் சொட்டும் ஒன்றே என்றீர்கள். இயற்பியல் சமன்பாட்டின் இருபுறமும் பரிமாணம் ஒன்றாக வேண்டும் என்றீர்கள். பல்லுறுப்புக்கோவையில் எழுத்துகள் வேறானாலும் உறுப்புகளின் படி ஒன்றானால் அதுவும் ஒருபடித்தானதே என்றீர்கள். உணவு இடைவேளையிலும் இதையே சொல்லி எங்கள் சோற்றை ஆறவைத்தீர்கள்!

ஒன்பதாம் வகுப்பில் நெசவாளர் மகள் நதியா, புடவையின் நீளத்தோடு பட்டின் எடையைக் கூட்டி விடை எழுதினாள். வீட்டில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு வளர்ந்தவளுக்கு அது பிழையாகவே படவில்லை. மீட்டரும் கிராமும் கூடா என்று நீங்கள் விளக்கியதும் அவளே சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த ஆண்டு, பத்தாம் வகுப்பை மதிப்பெண்படி நான்காகப் பிரிப்பதென்றும், கடைசிப் பிரிவுக்குப் பிளஸ் ஒன்னில் அறிவியல் இல்லை என்றும் பெற்றோர் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. அந்தக் கடைசிப் பிரிவில் நதியாவின் பெயரும் இருந்தது.

"ஒரே மாதிரிப் பசங்க ஒண்ணா இருந்தா, நீங்க சொல்ற ஒருபடித்தன்மைதானே டீச்சர்?" என்று உங்கள் சொல்லாலேயே உங்களை மடக்கினார் பெற்றோர் சங்கத் தலைவர் ராஜவேலு.

எழுந்தீர்கள், அம்மையே! "உப்பை ஒரு டம்ளர்ல, தண்ணியை ஒரு டம்ளர்ல வெச்சுக்கினு கரைசல்னு சொல்றீங்களேப்பா! பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே கரைசல்தானே? கலந்து வுடுங்க. தேர்ச்சி குறைஞ்சா நான் பத்தாவது பக்கமே வரமாட்டேன்" என்று சூளுரைத்தீர்கள்.

கூட்டம் இணங்கியது; நான்கு பிரிவுகளிலும் எல்லா மதிப்பெண் பிள்ளைகளும் கலந்து அமர்ந்தனர். முந்திப் புரிந்தவர் பிந்தியவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். மாலை வகுப்பில் நீங்கள் மன்றாடாத நாளில்லை, திட்டாத நாளுமில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, கெட்டிக்காரப் பிள்ளைகள் எந்தப் பிரிவு என்று கேட்டார். "அப்படித் தனியா எதுவும் இல்லீங்க சார். எதுல வேணா கேளுங்க" என்றாள் நதியா.

தேர்வு முடிவும் அதையே சொன்னது! நான்கு பிரிவுகளின் தேர்ச்சியும் தோளோடு தோள் நின்றது. நதியா அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். ராஜவேலு அவர்களே சால்வையோடு வந்து நின்றார்.

நலம் குன்றாது, நகை குறையாது, நெடிது வாழ்க அம்மையே! இனி எவர் எழுந்து பிள்ளைகளைத் தரம் பிரிக்கச் சொன்னாலும், அந்தக் கூட்டத்தில் எதிர்த்து எழ நாங்கள் அத்தனை பேரும் இருக்கிறோம்.

அன்பிலும் நன்றியிலும் ஒன்றாய்,
பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்
காஞ்சிபுரம்