சென்றிக்கு இந்தப் பக்கம்

மண்கும்பான் தரிப்பில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறி எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"என்ரை மனுசன் தன்ரை காருக்குச் சத்தம் கூட்டுறதுக்கு ஒரு சுவிட்ச் பூட்டியிருக்கிறார்."

"குறைக்கிறதுக்கெல்லோ பூட்டுவினம், அக்கா?"

"அமத்தினால் சைலன்சருக்கு முன்னாலை குழாய் திறக்கும். அல்லைப்பிட்டிச் சென்றியிலை ஆமி செக் பண்ணி இவரை விட்டாப் பிறகு, தள்ளி வந்து அமத்துவார். வீட்டுக்குக் கேக்கும். கேட்டாத்தான் எனக்கு உயிர் வரும்."

"இண்டைக்கு?"

"மத்தியானம் வாறனெண்டவர். இன்னும் கேக்கேல்லை. அதுதான் சென்றியடிக்குப் போறன்."

பஸ் அசைந்தது. அவள் எழுந்து, யன்னல் பக்கம் காதைக் கொடுத்தபடி சாரதியிடம், "தம்பி, ஒருக்கா எஞ்சினை நிப்பாட்டும்" என்றாள்.

அவர் ஏனென்று கேட்காமல் நிறுத்தினார். பஸ்ஸில் ஒருவரும் இருமக்கூட இல்லை.