நாலாவது நட்சத்திரத்துக்கு ஒரு கெபாயா

இல்ல யெயெத், கெபாயாச் சட்டைக்குக் கை முழங்கைக்குக் கீழ வரணும். மணிக்கட்டு வரைக்கும் வந்தாலும் சரிதான். ஜனாதிபதி அரண்மனை விழா பாருங்க, மந்திரிங்க வீட்டம்மா எல்லாம் வரிசையா நிப்பாங்க, ஒருத்தர் கெபாயாவ ஒருத்தர் அளந்துட்டேதான் நிப்பாங்க. நீங்க பதில் சொல்ல வேணாம், வாய் நெறைய குண்டூசி வச்சிருக்கீங்க, முழுங்கித் தொலைச்சிடாதீங்க. நான் பேசிட்டே நிக்கறேன், நீங்க பாட்டுக்கு அளவெடுங்க.

என்ன அப்பிடிப் பாக்கறீங்க? சந்தோஷமாத்தான் இருக்கேன். மூஞ்சியில தெரியலையோ? அசதிம்மா, வேற ஒண்ணுமில்ல. விடிஞ்சதுல இருந்து பூ வந்துட்டே இருக்கு. முன் அறையில கால் வைக்க எடமில்ல. வாசல் காவலுக்கு நிக்கற சிப்பாய்க்குப் பூ வாசம் ஒத்துக்கல போல, சல்யூட் அடிக்கறதுக்கு நடுவுல தும்மிட்டே இருக்கார்.

எங்க வீட்டுக்காரரா? கெழக்கே போயிருக்கார். மொதல்ல அம்போன், அப்புறம் பப்புவா. முன்னால இருந்த படைக்கெல்லாம் போய் விடை சொல்லிட்டு வரணுமாம். அடுத்த வாரக் கடைசியிலதான் வருவார். வந்த கையோட பதவியேற்பு. தரைப்படைக்கே தலைவர். எங்க ஹர்யோகோ! எங்கப்பா உசுரோட இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பார்.

ஏன்னா, எங்கப்பாவுக்கு மகெலாங்ல பக்ஸோ கடை, இறைச்சி உருண்டை போட்ட சூப்பு. ராணுவக் கல்லூரி அந்த ஊர்லதானே. ஞாயித்துக்கெழமை ஆனா கேடட் பசங்க கூட்டமா வருவாங்க. மத்தவங்க எல்லாம் ரெண்டு கிண்ணம் மூணு கிண்ணம்னு வெளுத்துக் கட்டுவாங்க. இவர் மட்டும் ஒரே கிண்ணம். இறைச்சி உருண்டையக் கடைசி வரைக்கும் தொட மாட்டார், சூப்ப மட்டும் குடிச்சிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு நீட்டுவார். மறுபடியும் நீட்டுவார். எங்கப்பா, தம்பி, கிணறு பின்னால இருக்கு, அங்கயே போய்க் குடிச்சிடேன்பார். கடையே சிரிக்கும். இவர் மட்டும் காது செவக்க உக்காந்திருப்பார். குனுங்கிடுல்காரர். மழையப் பாக்காத ஊரு. வீட்ல மரவள்ளிக்கிழங்குதான் மூணு வேளையும். எனக்குப் பாவமா இருக்கும். அப்பா அந்தப் பக்கம் திரும்பினா, சூப்புக்குள்ள ஒரு உருண்டையச் சேத்துப் போட்டு ஊத்துவேன். ஆமா, அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. சிரிங்க, ஆனா ஊசி!

கல்யாணத்துக்கு முன்னால படையில பொண்ண வரச்சொல்லி விசாரிப்பாங்க, தெரியுமா? பெரிய மேசைக்குப் பின்னால ஒரு கர்னல். உன் புருஷன் மொதல்ல நாட்டுக்குச் சொந்தம், அப்புறம்தான் உனக்கு, ஒத்துக்கறியாங்கறார். ஒத்துக்கறேன்னேன். நீ புள்ள பெறும்போது அவன் பக்கத்துல இருக்க மாட்டான், என்ன பண்ணுவேங்கறார். மருத்துவச்சியக் கூப்புடுவேன் சார், இவர் இருந்து என்ன பண்ணப்போறார்னேன். அந்த கர்னல் சிரிச்ச சிரிப்பு இருக்கே. நானும் சிரிச்சேன். சின்ன வயசு, எதுக்குத் தலையாட்டறோம்னு யாருக்குத் தெரியும்?

அந்த கர்னல் சொன்னபடியே ஆச்சு. பெரியவன் பொறந்தப்ப இவர் கலிமந்தான் எல்லையில காட்டுக்குள்ள ரோடு போட்டுட்டு இருந்தார். பொறியாளர் படை இல்லையா, பாலம், ரோடு, அதான் வேல. திரும்பி வரும்போது பையன் ஓடவும் பேசவும் ஆரம்பிச்சிட்டான். இவரப் பாத்ததும் மேசைக்கு அடியில பூந்துட்டு, அம்மா, அந்த மாமாவப் போகச் சொல்லுன்னு ஒரே அழுகை. இவர் தரையில படுத்து, மேசைக்கு அடியில கைய நீட்டிட்டு, சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே கெடந்தார். கடைசியில பையன் ஒரு வெரலத் தொட்டான். அன்னிக்குச் சொன்னார், இனிமே எங்கயும் போகல வுர்யானின்னு. அதே மாசம் மாத்தல் வந்துச்சு. பெட்டியக் கட்டினோம்.

கட்டறதும் அவுக்கறதும்தான் என் பொழப்பா போச்சு. ஒரு வீட்டுத் திரைச்சீலை இன்னொரு வீட்டு ஜன்னலுக்கு இதுவரைக்கும் சரியா வந்ததில்ல. ஒண்ணு தரையக் கூட்டும், இல்ல பாதி ஜன்னலோட நின்னுடும். பசங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டா முழிப்பாங்க.

அச்சேயில சுனாமி வந்து கடல் பொங்குச்சே, அப்ப இவரத்தான் மொதல்ல அனுப்பினாங்க. பாலம் எல்லாம் அடிச்சிட்டுப் போயிருச்சு, வண்டி போகணும்னா இவங்கதான் போகணும். திரும்பி வந்தார். மீன் பொரிச்சு வச்சேன். தட்டப் பாத்தார், எந்திரிச்சுப் போய்க் கையக் கழுவினார். அப்புறம் ரொம்ப நாளைக்கு எங்க வீட்ல மீனே இல்ல. அவர் கெட்டவர்னு மட்டும் நெனச்சிடாதீங்க யெயெத். கெட்டவரா இருந்திருந்தா எனக்கு எல்லாமே லேசா இருந்திருக்கும்.

முதுகா? திரும்பறேன், இருங்க. இந்தத் தோள்பட்டை எறங்கிட்டுது இல்ல? வயசாச்சு.

கர்னல் ஆனப்புறம்தான் சோதனையே. ஒரு ஆத்துல பாலம் கட்டிட்டு இருந்தார். எந்த ஊருன்னு வேணாம். மேல இருந்தவருக்கு அவசரம், பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து ரிப்பன் வெட்டணும், தேதி குறிச்சாச்சு. இவர், நடுத்தூண் இன்னும் இறுகல, வண்டி ஏறக் கூடாதுன்னுட்டார். விழா அன்னிக்கு மேளம், கொடி, பள்ளிக்கூடப் புள்ளைங்க, எல்லாம் வந்தாச்சு. இவர் என்ன பண்ணார் தெரியுமா? தன்னோட ஜீப்பப் பாலத்து வாயில குறுக்க நிறுத்திட்டு, சாவியப் பையில போட்டுட்டு, அதுக்கு முன்னால விறைப்பா நின்னுட்டார். எடுடாங்கறார் மேலதிகாரி. மன்னிக்கணும் சார், நான் கட்டினது, எனக்குத் தெரியும்ங்கறார். வந்த பெரிய மனுஷர் கார்ல இருந்து எறங்காமலே திரும்பிப் போயிட்டார். அந்த மழைக்காலத்துலயே வெள்ளம் வந்து நடுத்தூணச் சாய்ச்சிருச்சு. பாராட்டா? நல்லா கேட்டீங்க! மேலதிகாரி தப்புப் பண்ணிட்டார்னு ஊருக்கே தெரியறமாதிரி நின்னவன யாரு பாராட்டுவா? பாண்டுங்ல பாடம் எடுக்கற ஒரு நாற்காலியில கொண்டு போய்ப் போட்டாங்க. போட்டு மறந்துட்டாங்க.

அந்த வருஷங்க இருக்கே யெயெத்... அதச் சொன்னா பாவம் வரும். நான் அவ்ளோ சந்தோஷமா இருந்தேன். தெனமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார். மொதல்ல வீட்ல எப்பிடி இருக்கறதுன்னே தெரியல அவருக்கு. சோபாவுல விருந்தாளி மாதிரி ஓரமா உக்காருவார். அப்புறம் பழகிட்டார். மொளகாச் செடி வச்சார். சோயாவுல செய்யற தெம்பே பொரிக்கறேன்னு கரிச்சு வைப்பார், நாங்க அதையும் தின்போம். சின்னவள மோட்டார் சைக்கிள்ல பள்ளிக்கூடம் கொண்டு போய் விடுவார். அவ வழியெல்லாம் பாடிட்டுப் போவா, இவரும் கூடப் பாடுவார், தாளம் தப்பா. எனக்கு அது போதும். இப்பிடியே ரிட்டயர் ஆகட்டும் ஆண்டவனேன்னு நான் வேண்டாத நாள் இல்ல.

அவரு? அவரு கருகிட்டு இருந்தார். நான் பாக்கல. பாக்காத மாதிரி இருந்தேன்னு வச்சுக்கோங்களேன். ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இவர்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன், தோள்ல நட்சத்திரத்தோட வர்றான். பதவியில பெரியவன் ஆயிட்டான் இல்லையா, இவர்தான் மொதல்ல சல்யூட் அடிக்கணும். அடிச்சார். ஒரு குறையும் சொல்ல முடியாத சல்யூட். அந்தப் பையன் பதறிப்போய், சார் வேணாம் சார்னு கையப் புடிச்சிட்டான். இவர் சிரிச்சார். அந்தச் சிரிப்ப நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வீடு வர்ற வரைக்கும் வண்டிய ஓட்டிட்டு வந்தார். வந்து, அடுத்த நாளைக்கு வேண்டிய சட்டைய எடுத்து இஸ்திரி போட ஆரம்பிச்சார். போட்ட சட்டையவே மறுபடி மறுபடி. அதுக்கப்புறம் அந்த மொளகாச் செடியப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

அப்புறம் தலைமை மாறுச்சு. புதுசா வந்தவருக்கு யாரோ அந்த ஜீப்புக் கதையச் சொல்லியிருக்காங்க. போன் வந்துச்சு. பேசி முடிச்சிட்டுக் குளியலறைக்குள்ள போய்க் குழாயத் தெறந்து விட்டுட்டு அழுதார். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவருக்காக அழறதா, எனக்காக அழறதான்னு தெரியல.

அதோட ஏத்தம்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நட்சத்திரம் ஏற ஏற வீடு பெருசாச்சு, சாப்பாட்டு மேசை நீளமாச்சு, உக்காந்து சாப்பிட ஆள் கொறஞ்சு போச்சு. பையன் சுராபாயாவுல கப்பல் வேலைக்குப் போயிட்டான், பொண்ணு மக்காஸர்ல டீச்சர். இந்த வருஷம் ரிட்டயர் ஆகறதா இருந்தது. மகெலாங் பக்கத்துல சின்னதா ஒரு வீடு பாத்து, கிணறெல்லாம் தூர் வாரி, ஜன்னலுக்கு நானே அளவெடுத்துத் திரைச்சீலை தச்சு மாட்டிட்டு வந்தேன். மொத மொறையா கச்சிதமா வந்துச்சு. திரும்பி வந்தா, இவர் வாசல்லயே நிக்கறார். வுர்யானி, என்னைக் கூப்பிட்டாங்க, நாலாவதுன்னார். குனுங்கிடுல்ல கிழங்கு தின்னு வளந்த பையன்னு அவரே அவரச் சொல்லிக்கிட்டார். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறார். அந்த வயசுல பக்ஸோ கடையில கூட அப்பிடிச் சிரிச்சதில்ல.

சரி, நெஞ்சளவா? எடுங்க. எடுத்து என்ன, இன்னிக்கு எடுக்கற அளவு விழாவுக்குச் சரியா வராது. வர்ற வியாழக்கெழமை இடது பக்கத்த எடுத்துடறாங்க.

ஊசிய வாயில இருந்து எடுங்க மொதல்ல. ஆமா, அதேதான். நோன்பு மாசத்துல குளிக்கும்போது கையில ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. என் தங்கச்சிதான் கூட்டிட்டுப் போனா, சாதாரண ஆஸ்பத்திரிக்கு. ராணுவ ஆஸ்பத்திரின்னா நான் வீடு திரும்பறதுக்குள்ள சேதி அவர் மேசைக்கு வந்திருக்கும். எடுத்துட்டா பொழச்சுக்கலாம்ங்கறார் டாக்டர். விழா அன்னிக்கு நிக்கலாமாம், கைய மட்டும் ரொம்பத் தூக்கக் கூடாதாம்.

இல்ல. அவருக்குத் தெரியாது. புள்ளைங்களுக்கும் தெரியாது.

சொல்லலாம். சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும் யெயெத். பதவி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு என் பக்கத்துல வந்து உக்காருவார். பாண்டுங் மூஞ்சியோட. அத இன்னொரு தடவ பாத்துட்டு என்னால படுத்துக் கெடக்க முடியாது. இல்லேன்னா, கண்ணு கலங்கி, என் கையப் புடிச்சு, நல்ல டாக்டரா ஏற்பாடு பண்ணிட்டு... விழாவுக்குப் போயிடுவார். இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டேன், ரெண்டுல எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சுக்கத் தெம்பும் இல்ல.

அழாதீங்க, முன் அறையில ஆள் இருக்கு. துணி மெல்லிசு, பச்சை வேற, அப்பிடியே காட்டிக் குடுத்துடும். இடது பக்கம் உள்ள பஞ்சு வச்சு, ரெண்டு அடுக்கா துணி குடுத்துத் தைங்க. எவ்ளோ பஞ்சுன்னு இப்பவே அளந்துக்கோங்க, வலது பக்கத்துக்குச் சமமா வரணும்.