தண்ணீருக்குள் எடை

ஆகுர்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தமிழ் பேசும் இரண்டு கல்லூரிப் பெண்கள். வெளியே நல்ல வெயில்; ஒருத்தியின் தலையில் மட்டும் ஈரம் சொட்டியது.

"தண்ணிக்குள்ள உக்கார வெச்சு எடை பாத்தாங்கடி," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"உடம்புல எவ்வளவு கொழுப்புன்னு காலேஜ்ல ஆராய்ச்சி. மெஷின்ல ஏறி நின்னா ஒண்ணு காட்டுது, இடுக்கியால தோலைப் பிடிச்சு அளந்தா வேற வருது. எது சரின்னு தண்ணிக்குள்ளதான் தெரியுமாம்."

"உனக்குத்தான் தண்ணின்னாலே பயமாச்சே!"

"மூச்சு மொத்தத்தையும் விட்டுட்டு, முங்கி, அசையாம உக்காரணும். நீச்சல் டீம் பொண்ணுங்களே பாதியில எந்திரிச்சுட்டாளுங்க. நான் உக்காந்தேன்! மூணு தடவை!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சரி, கொழுப்பு எவ்வளவு?"

"அதை எவ கேட்டா? நேரா எஸ்டிடி பூத்துக்கு ஓடி ஊருக்குப் போன் போட்டேன். 'அப்பா, நான் முங்கிட்டேன்'னு!"