எலி கிடந்த இடம்

உக்கடம் போகும் பஸ்ஸில் வெயில் ஒவ்வொரு மடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் ஒரு தாய், அவள் மடியில் சின்ன மகள், பக்கத்தில் ஊர்க்காரி ஒருத்தி.

“பிளேக் வந்துருக்குதுங்களே. செத்த எலியத் தொடக்கூடாதுன்னு புள்ளைக்குச் சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன் அம்மணி. கண்டா ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னும் சொன்னேன். தெரிஞ்சா சுகாதாரக்காரங்க வந்து ஊட்டு ஓட்டப் பிரிச்சு, நம்மள ஊருக்கு வெளிய கொட்டாய்ல உட்டுப்போடுவாங்கல்ல.”

“அப்பறம்?”

“தொடல. சொல்லவுமில்ல. இவ பாய்க்குப் பக்கத்துல, பொட்டிச் சந்துல கெடந்துருக்குது. நாத்தம் வந்தப்பறந்தான் பாத்தேன். ஊசி போடத்தான் போறோம்.”

“காச்சலுங்களா?”

“இன்னும் இல்ல. கண்ணு, இனிமே அம்மாகிட்ட மட்டும் சொல்லோணும், என்ன?”

மகள் நிமிர்ந்தாள்.

“அப்ப, குதிருக்குப் பின்னால கெடக்கறதையும் சொல்லலாமாம்மா?”