செவலைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

பவுனம்மாள்: இன்னா டாக்டரம்மா, செவலை கழுத்தையே தடவித் தடவிப் பாக்குறீங்க? அன்னிக்கு ஊசி போட்ட எடம் சீழ் வச்சிக்கிச்சா?

ஜெயசித்ரா: சீழ் இல்லக்கா. டெஸ்ட் ஊசி போட்டு இன்னியோட மூணு நாளு. உள்ள டிபி இருந்தா இப்பிடித்தான் தடிக்கும்.

மாரிமுத்து: டிபியா... மாட்டுக்கா?

ஜெயசித்ரா: மாட்டுக்கும் வரும்ண்ணா.

பவுனம்மாள்: அய்ய... ஒதியம்பட்டுல எந்த மாட்டுக்கும் இப்பிடிச் சொன்னதில்லியே!

ஜெயசித்ரா: ஊசி போட்டுப் பாத்தாத்தானே தெரியும். எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல. சந்தையில வாங்குனதா?

பவுனம்மாள்: நம்ம கொட்டாயிலயே பொறந்தது. வெளி மாட்டோட மேயக்கூட வுட்டதில்ல.

மாரிமுத்து: கரும்புக் கொல்லையிலேர்ந்து காட்டுப்பன்னி வருது டாக்டரம்மா! தொட்டித் தண்ணியில வாய வச்சிட்டுப் போவுது...

பவுனம்மாள்: எப்பய்யா வந்துச்சு பன்னி? சொல்லவேல்ல?

மாரிமுத்து: வந்துச்சு... ஒரு நாளு.

ஜெயசித்ரா: காட்டு மிருகத்துகிட்டேர்ந்தும் வரலாம். எழுதிக்கிறேன். பால காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?

பவுனம்மாள்: பொங்கப் பொங்கக் காய்ச்சுவேன். ஏன், எங்களுக்கும் ஒட்டிக்கிமா?

ஜெயசித்ரா: காய்ச்சுன பாலால பயமில்ல. ஆனா மூச்சுக் காத்துலயும் வரும். எல்லாரும் ஒருவாட்டி செக் பண்ணிக்குங்க.

மாரிமுத்து: டாக்டரம்மா... மாட்டுகிட்டேர்ந்து மனுசனுக்கு வருங்கிறீங்க. மனுசன்கிட்டேர்ந்து மாட்டுக்கு... வருமா?

ஜெயசித்ரா: வரும். ஏன் கேக்குறீங்க?

மாரிமுத்து: சும்மாதான்.

பவுனம்மாள்: நீ சும்மா ஒண்ணும் கேக்க மாட்டியே.

ஜெயசித்ரா: அக்கா, கொட்டாயில யாரு அதிகமா இருக்கறது?

பவுனம்மாள்: இவருதான். மாடு திருடுறானுங்கன்னு ஏழு மாசமா படுக்கையே அங்கதான். கூப்ட்டாலும் வூட்டுக்குள்ள வர்றதில்ல. எம்மேல இன்னா கோவமோன்னு நானும்...

ஜெயசித்ரா: அண்ணா... மாத்திரை எதனா தின்னீங்களா?

மாரிமுத்து: ரெண்டு மாசம் தின்னேன். இருமல் நின்னுடுச்சு, வுட்டுட்டேன். இப்ப மறுபடியும்...

பவுனம்மாள்: இன்னா மாத்திரை? இன்னா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?

ஜெயசித்ரா: நாளைக்கே அண்ணன வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. டிபி மாத்திரைய முழுசாத் தின்னா கொணமாயிடும். செவலையத் தனியா கட்டுங்க. அதுக்கு இன்னும் ஒரு டெஸ்ட் இருக்குது.

பவுனம்மாள்: கட்டிக்கலாம்... யோவ், எம்மூஞ்சியப் பாரு. ஏன்யா மறைச்ச?

மாரிமுத்து: ஒனக்கும் புள்ளைங்களுக்கும் ஒட்டிடக் கூடாதுன்னுதான் பவுனு அதுங்கிட்ட போய்ப் படுத்தேன்... மாட்டுக்கும் ஒட்டும்னு எனக்கு இன்னாடி தெரியும்?