சாமி கோஸ்தான் போகாது

கிளேபாங்கில் தேங்காய் ஷேக் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் லோரி ஓட்டும் பெண் ஒருத்தி, கூடவே கோயில் கமிட்டிக்காரர் ஒருவர். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அவர் இப்படி ஆரம்பித்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

“சாமி கோஸ்தான் போகாது லா, தங்கச்சி.”

“தெரியும்ணே, சாமிய வச்சுக்கிட்டு ரதத்தப் பின்னால எடுக்கக்கூடாது. ஆனா ரதம் வர்றது என் லோரி இழுக்குற டிரெய்லர்ல. கடைசி லோரோங் முட்டுச்சந்து. உள்ள போனா திருப்ப எடமில்ல, கோஸ்தான் போட்டுத்தான் வெளிய வரணும்.”

“அதனாலதான் போன வருசம் அங்க போகல. கடைசி வீட்டு மாரியாயிக்கா படுத்த படுக்கை. மேளச் சத்தம் கேட்டுச்சு, சாமியப் பாக்க முடியலையேன்னு அழுதாங்க.”

வரிசை நகர்ந்தது. அவள் கைப்பேசியில் அந்த ரோட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“முட்டுச்சந்துக்கு அந்தப் பக்கம் மலாய்க்கார பாக்சிக்கோட தோட்டம். அது வழியாப் போனா பெரிய ரோடு வந்துரும். பின்னால எடுக்கவே வேணாம். கேட்டீங்களா?”

“கேட்டேன். வேலியக் கழட்டித் தர்றேன்னாரு.”

“ஆனா மூலையில ரெண்டு வாழை நிக்குதேண்ணே. லோரி தப்பிச்சிரும். வளையிறப்ப டிரெய்லர் சக்கரம் உள்பக்கமா வரும், கண்டிப்பா இடிக்கும்.”

“அதையும் சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“இன்னிக்குக் காலையில ரெண்டையும் வெட்டி, குலையோட கோயிலுக்குக் கொண்டாந்துட்டாரு. வாசல்ல எந்தப் பக்கம் கட்டணும்னு கேக்குறாரு.”