எலி ஆல்பம்

காது மெஷின் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தங்களுக்கு நன்றாகத்தான் கேட்கிறது, வீட்டில்தான் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பார்கள். என் தங்கையின் கணவரும் அப்படித்தான் வந்தார். அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சரக்குக் கிடங்கில் லாரிகள் வந்து நிற்கும் முற்றத்துக்கு அவர்தான் பொறுப்பு. இயந்திரச் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் காது மங்கிப்போயிருந்தது. பரிசோதித்து, இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தி, கணினியில் அளவு வைத்துக் கொடுத்தேன். வெளியே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மச்சான், என் செருப்புக்குச் சத்தம் இருக்கு," என்றார். கண் கலங்கியிருந்தது. என் தொழிலில் கிடைக்கும் சுகம் அதுதான்.

காது கிடைத்ததும் பாட்டுக் கேட்கும் ஆசை வந்தது. நான்தான் அவரை எங்கள் குழுவில் சேர்த்துவிட்டேன். நாங்கள் ஒரு பழைய ராக் பேண்டின் ரசிகர்கள். ஞாயிறு மதியம் என் கடையின் பின்னறையில் கூடிக் கேட்போம்; மற்ற நாட்களில் போனில் சண்டை போடுவோம்.

அந்த பேண்ட் ஒரு படத்துக்கு இசையமைத்தது. படம் ஓடவில்லை, ஆல்பமும் விற்கவில்லை. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்ததால்தான் அதில் வார்த்தையே இல்லை என்பார் ஒருவர். கடனே என்று போட்டுக் கொடுத்தது என்பார் இன்னொருவர். எங்களில் மூத்தவரான பல் டாக்டர் அதை ஆல்பம் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். அவர்கள் செய்ததிலேயே அதுதான் உச்சம் என்பவன் நான் ஒருவன்தான். ஐந்தாவதாக வரும் இசையில் டிரம்ஸ் கிடையாது. கித்தார் கம்பியை வில்லால் இழுத்து, ஒரே ஒரு மெல்லிய உச்ச ஸ்வரத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பார்கள். அதைப் பற்றி வருடக்கணக்காகப் பேசிப் பேசி, பல் டாக்டரையே "சரி, இன்னொரு தடவை போடுங்க," என்று சொல்லவைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டேன். முடிந்ததும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். புதுக் காது அல்லவா.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். பாத்திரக் கடையில எலி ஓடுற மாதிரி இருக்கு."

பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டைமேல் கொட்டியது. அன்றிலிருந்து அதற்கு எலி ஆல்பம் என்றே பெயராகிவிட்டது. மாப்பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ஸ்பூன் விழுந்தால்கூடக் காதில் குத்துகிறது, கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்றார். நியாயமான கோரிக்கைதான். கீச்சென்ற சத்தங்களை அவர் கேட்ட அளவு குறைத்தேன். அவர் சொல்லாமலேயே அதற்கு மேலும் கொஞ்சம் குறைத்தேன். அப்படியே ஐந்தாவது இசையைப் போட்டேன்.

"அட, நல்லா இருக்கே. அன்னிக்கு என்னத்தைக் கேட்டேனோ."

"அன்னிக்கு மெஷின் புதுசு, மாப்பிள்ளை. பழகலை."

அதற்குப் பிறகு மெஷினைச் சுத்தம் செய்ய வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். "அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க, அருமையான ஆல்பம்," என்று அவரே குழுவில் எழுதினார்.

கீச்சென்ற சத்தத்தில் இசை மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. தங்கை போன் செய்தாள். "குக்கர் விசில் அடிச்சாலும் திரும்பமாட்டேங்கறார் அண்ணா. மெஷின்ல ஏதாவது கோளாறா?" வயசாகிறது இல்லையா என்றேன். அந்த வாரம் மாப்பிள்ளையே வந்தார்.

"லாரி பின்னால வர்றப்போ பீப் பீப்னு அடிக்குமே மச்சான், அது எங்கேயோ அடுத்த தெருவுல கேக்கற மாதிரி இருக்கு."

பரிசோதித்தேன். காது முதன்முதலில் பரிசோதித்தபோது இருந்தபடியேதான் இருந்தது. "காது கொஞ்சம் இறங்கியிருக்கு. அடுத்த வாரம் சரிபண்ணிடலாம்," என்றேன். வீட்டு மனிதர் சொன்னால் எப்படித் தலையாட்டுவோமோ அப்படித் தலையாட்டினார். வரப்போகும் ஞாயிறு கூட்டத்தில் அந்த ஆல்பத்தைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தது. முழுதாகக் கேட்கிறேன் என்று பல் டாக்டரும் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் மெஷினைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை, பின்னால் வந்த ஒரு லாரியின் பின்சக்கரத்தில் போய்விட்டார்.

பீப் அடித்தது, சத்தியமாக அடித்தது என்று லாரி டிரைவர் அழுதார். அடித்திருந்தால் மனிதர் விலகியிருப்பாரே என்று யாரும் நம்பவில்லை. பரிசோதிக்கச் சொல்லி நீங்கள் மெஷின்களை என்னிடம்தான் கொடுத்தீர்கள். பழைய அளவை மீண்டும் வைத்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னேன். அப்போது அது உண்மைதான். டிரைவரை நீங்கள் ஜீப்பில் ஏற்றியபோது எனக்குப் பாவமாக இருந்தது.

தூக்கிப் போட மனமில்லாமல், தெரிந்த ஒருவருக்கு அளவு மாற்றிக் கொடுக்கலாம் என்று, நீங்கள் திருப்பித் தந்த அந்த மெஷின்களைத் தங்கை எடுத்துப் போயிருக்கிறாள். அவற்றைப் பார்த்தால் எனக்கு வலிக்கும் என்று வேறு கடைக்குப் போயிருக்கிறாள். மாற்றிய அளவெல்லாம் மெஷினுக்குள்ளேயே தேதியோடு பதிந்திருக்கும். அங்கே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். நேரே என் கடைக்கு வந்து நின்றாள்.

"ஏண்ணா?"

"அந்த ஆல்பத்தை அவர் சரியாக் கேக்கணும்னுதான்."

"அதுவா? 'இப்பவும் எனக்கு ஒரு இழவும் புரியலை, மச்சானுக்கு அதுன்னா உசிரு, அதான் நல்லா இருக்குன்னு சொல்லிவச்சேன்'னு வீட்டுல சிரிப்பாரே, அண்ணா," என்றாள்.

துக்கத்தில் இருக்கிறவள், ஏதோ சொல்கிறாள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். அளவைக் குறைத்தது, மறைத்தது, டிரைவர் மேல் பழி விழ விட்டது, எல்லாம் நான் செய்ததுதான். ஓரிடத்தில் மட்டும் 'அவருக்குப் பிடித்திருந்ததாக நினைத்து' என்று இருக்கிறது. அதை 'அவருக்குப் பிடித்திருந்தது' என்று மாற்றிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.